பசை பிடிக்காத இடம்

மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். இரஞ்சிதம் அப்போது மெல்பேர்னின் டான்டினோங் தெற்கில், தன் வேலை மேசையில், உளியால் ஒரு ஒட்டுப்பலகையைப் பிளந்துகொண்டிருந்தாள். மகள் சுஜீவா அந்த மின்னஞ்சலை அப்படியே அம்மாவுக்கு அனுப்பி, மேலே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "உங்கட பொட்டுக்கு நன்றி அம்மா."

இரஞ்சிதம் கையுறையைக் கழற்றிவிட்டு வாசித்தாள். சுஜீவா மே மாதம் வாங்கிய பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒன்று ஜூலையில், மவுண்ட் புல்லர் பனிமலையில், மூன்றாவது பயணத்திலேயே வால்ப்பக்கம் இரண்டு ஏடாகப் பிரிந்திருந்தது. வாரண்டிக்கு விண்ணப்பித்திருந்தாள். பதில் இதுதான்: உரிமையாளர் பொருளின் மேல் வெளிப்பொருள் ஒன்றைப் பூசியிருக்கிறார், அதனால் ஒட்டு பாதிக்கப்பட்டிருக்கலாம், ஆகவே வாரண்டி செல்லாது.

வெளிப்பொருள். அவள் இரண்டாம் முறை வாசித்தாள். அவர்கள் சொல்வது சந்தனத்தை.

நடந்தது இவ்வளவுதான். மே கடைசி ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலில் கணவர் தேவராஜாவின் காருக்குப் பூசை. கார் பழையது, அவர்களுக்குப் புதியது. முதல் நாள் வாங்கிய ஸ்கீக் கட்டை இரண்டும் காருக்குள்ளேயே கிடந்தன. இரஞ்சிதம் அவற்றை எடுத்து முன்கதவில் சாத்தி வைத்தாள்.

"இது என்னம்மா?" என்றார் ஐயர்.

"பனியில சறுக்கிறது ஐயா. பிள்ளை ஏறி நிண்டு போறது."

"ஏறிப் போறதெண்டா வாகனம்தானே," என்று சொல்லி, இரண்டு கட்டைகளின் முன்முனையிலும் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம் வைத்தார். சுஜீவா சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தாள். இன்ஸ்டகிராமில் அந்தப் படத்துக்கு விழுந்த இதயங்களை அன்று மாலை முழுவதும் அவளே எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாரண்டிப் படிவம் 'பொருள் புதிதாக இருந்தபோது எடுத்த படம்' கேட்டது. சுஜீவாவிடம் இருந்தது அந்த ஒரு படம். அதையே அனுப்பினாள்.

இரஞ்சிதத்துக்கு ஐம்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் இரண்டு வருடம் படித்தாள். மூன்றாம் வருடம் நடக்கவில்லை. மெல்பேர்னுக்கு வந்து முதல் ஐந்து வருடம் அலுவலகங்கள் துடைத்தாள். பிறகு இந்தப் பசைத் தொழிற்சாலை. மரத்தையும் மரத்தையும் ஒட்டுகிற பசை. அவளுடைய வேலை ஒட்டியதைப் பிரிப்பது. ஒட்டுக்கோட்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளக்க வேண்டும். பிளந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பசை நன்றாகப் பிடித்திருந்தால், பிரியும்போது மரம் கிழிந்து நாராக வரும். பிடிக்கவில்லையென்றால் முகம் வழுவழுவென்று இருக்கும், ஒரு நாரும் இராது. அதைப் பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது துண்டு. இருபத்திரண்டு வருடம்.

இப்படிப்பட்டவளுக்குத்தான், ஒட்டு ஏன் விட்டது என்று யாரோ ஒருவன், கட்டையைக் கையால் தொடாமல், படத்தைப் பார்த்து எழுதி அனுப்பியிருந்தான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. நேரே கராஜுக்குப் போய்ப் பிரிந்த ஸ்கீயைத் தூக்கிக் குசினி மேசையில் வைத்தாள். லைட்டைப் போட்டாள். பிளவுக்குள் ஒரு கரண்டிக் காம்பை விட்டு மெல்ல அகட்டிப் பார்த்தாள். உள்ளே மரம் மொழுமொழுவென்று இருந்தது. ஒரு நார் கிளம்பவில்லை. நடுவில் உள்ளங்கையளவு இடத்தில் பசையே பட்டிருக்கவில்லை. சந்தனம் வைத்த முனை அங்கிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி, புத்தம் புதிதாக, இறுக்கமாக இருந்தது.

"இஞ்சருமப்பா," என்றார் தேவராஜா, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து. "சாப்பாட்டு மேசையில போஸ்ட்மோட்டமோ?"

"வாலில வெடிச்சதுக்கு நெத்தியில வைச்ச பொட்டுக் காரணமாம்."

"விடுமப்பா. கொம்பனிக்காரனோட ஆர் மல்லுக்கட்டுறது."

"நீங்கள் விடுங்கோ. உங்கட காருக்கும்தானே ஐயர் சந்தனம் வைச்சவர். கதவு கழண்டு விழுந்ததோ?"

தேவராஜா யோசித்தார். "கதவு விழேல்லை. ஏசிதான் வேலை செய்யேல்லை."

அவள் சிரிக்கவில்லை. அப்போது உள்ளே வந்த சுஜீவா மேசையைப் பார்த்து நின்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இந்த ஸ்கீயை வாங்க ஒரு வருடம் வார இறுதிகளில் கூடுதல் முறை வேலை செய்தவள்.

"மம், ப்ளீஸ். இனி என்ர சாமான் ஒண்டிலயும் ஒண்டும் பூசாதேங்கோ. ஐ மீன் இட்."

"நான் பூசினதாலயோ உடைஞ்சது?"

"எனக்குத் தெரியாது. அவை அப்பிடித்தானே சொல்லீனம்."

அந்தச் சொல்தான் இரஞ்சிதத்தைச் சுட்டது. கொம்பனி எழுதினால் எழுதட்டும். பெற்ற பிள்ளை அதை நம்புகிறாள். இனி இந்த வீட்டில் எது உடைந்தாலும், எது பழுதானாலும், அம்மாவின் சந்தனம் என்று ஒரு பேச்சு வரும். பேச்சாகக்கூட வராது, ஒரு பார்வையாக வரும்.

மறுநாள் மதிய இடைவேளையில் கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். இருபது நிமிடம் காத்திருப்புப் பாட்டைக் கேட்டாள். பிறகு வந்த பெண் மிக இனிமையான குரலில் அதே மின்னஞ்சலை வாசித்தாள். எந்தப் பொருள், எந்தப் பசையை, எப்படிப் பாதித்தது என்று இரஞ்சிதம் கேட்டாள். அந்தப் பெண் மறுபடியும் வாசித்தாள். சந்தனக்கட்டையை அரைத்த தண்ணீர், மரக்கட்டையை எப்படிப் பிரிக்கும் என்று இரஞ்சிதம் கேட்டாள். மேலாளர் அழைப்பார் என்றாள் அந்தப் பெண்.

மேலாளர் அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஸ்கீ வாங்கிய கடையிலிருந்து சுஜீவாவுக்குக் குறுஞ்செய்தி வந்தது. நல்லெண்ணத்தின் பேரில் மாற்றுச் சோடி ஒன்று தருகிறார்களாம், வந்து கையெழுத்திட்டு எடுத்துப் போகலாமாம். சுஜீவா துள்ளினாள். அடுத்த கிழமை நண்பர்களோடு மலைக்குப் போக அறை போட்டிருந்தாள்.

"பாத்தீங்களே, எல்லாம் சரி. நீங்கள் வரத் தேவையில்லை."

"நானும் வாறன்."

சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். கடை மேலாளர் உயரமான மனிதர், சிரித்த முகம். புதுச் சோடியை மேசையில் கிடத்தி, படிவத்தையும் பேனையையும் சுஜீவா பக்கம் தள்ளினார். இரஞ்சிதம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். மூன்றாவது வரியில் அது இருந்தது. வெளிப்பொருள் பூசியதால் ஏற்பட்ட பாதிப்பு என்பதை உரிமையாளர் ஏற்றுக்கொள்கிறார். இருந்தும் நிறுவனம் நல்லெண்ணத்தின் பேரில் மாற்றித் தருகிறது.

"இந்த வரியை எடுக்க வேண்டும்," என்றாள் ஆங்கிலத்தில்.

அது தன் கையில் இல்லை, தலைமையகத்தின் படிவம் என்றார் அவர். எப்படியும் புதுச் சோடி கிடைக்கிறதே, வரியில் என்ன இருக்கிறது என்றார்.

இரஞ்சிதம் கொண்டுபோன ஸ்கீயைத் தூக்கி மேசையில் போட்டாள். புதுச் சோடிக்குப் பக்கத்தில் சத்தமாக விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பிளவுக்குள் இரண்டு பெருவிரல்களையும் கொடுத்து இழுத்தாள். சர்ரென்று இன்னும் ஒரு சாண் பிரிந்தது. மேலாளர் பின்னால் நகர்ந்தார்.

"பாருங்கள். மரம் கிழியவில்லை. நல்ல ஒட்டு என்றால் மரம் கிழியும். இங்கே பசை படவேயில்லை. நான் இதைத்தான் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். இதற்கு நான் பத்துக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்."

மேலாளர் குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்கள் சொல்வது சரிதான், எனக்கும் தெரிகிறது, ஆனால் எழுத்தில் என்னால் தர முடியாது என்றார்.

"தெரிந்தால் எழுதுங்கள்."

"மம்," என்றாள் சுஜீவா. அவள் முகம் சிவந்திருந்தது. "விடுங்கோம்மா. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நான் களவெடுத்தனானே, இவை என்னை மன்னிச்சு அனுப்ப?"

தமிழ் விளங்காத மேலாளர், தாயும் மகளும் சமாதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். சுஜீவாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அம்மாவின் மந்திரப் பொடியைப் புதுச் சோடியில் பூசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்," என்று சொல்லிச் சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் நல்லது செய்ததாகவே அவருக்கு நினைப்பு.

சுஜீவாவும் சிரிப்பாள் என்று இரஞ்சிதம் எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. மேசையில் வாய் பிளந்து கிடந்த ஸ்கீயைப் பார்த்தாள். தன் விரலை உள்ளே விட்டுத் தடவினாள், அம்மா காட்டிய இடத்தில். பிறகு பேனையை எடுத்து, மூன்றாவது வரியின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கோடு போட்டாள். கீழே கையெழுத்திட்டாள்.

மேலாளரின் சிரிப்பு நின்றது. அடித்துத் திருத்திய படிவம் செல்லாது, சோடியைத் தர முடியாது என்றார்.

"நீங்களே வைத்திருங்கள்," என்றாள் சுஜீவா ஆங்கிலத்தில். "உங்கள் நல்லெண்ணத்தையும்."

உடைந்த ஸ்கீயைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தாள். அதன் பிரிந்த வால் ஒவ்வொரு அடிக்கும் பட்டுப் பட்டென்று அடித்தது. வரிசை விலகி வழி விட்டது.

காரில் ஏறிய பிறகும் சுஜீவா சாவியைப் போடவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"அடுத்த கிழமை எல்லாரும் போகீனம். நான் வாடகைக் கட்டையில போகோணும்."

"ஓம்."

"ஒரு வருஷம் சனி ஞாயிறு பாக்காமல் வேலை செய்தனான் அம்மா."

"ஓம். எனக்குத் தெரியும்."

"நீங்கள் ஒரு ஸொரிகூடச் சொல்ல மாட்டீங்களே?"

"நான் என்னத்துக்குச் சொல்ல? அவங்களெல்லோ சொல்லோணும்."

சுஜீவா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபம் இருந்தது. ஆனால் இந்தக் கிழமை முழுவதும் இருந்த அந்த மற்றது, அம்மாவின் சந்தனம் என்கிற அது, இல்லை. இரஞ்சிதம் அதைக் கவனித்தாள். கவனித்ததை வெளியே காட்டவில்லை.

"அரசாங்கத்தில முறைப்பாடு செய்யிற இடம் ஒண்டு இருக்கு," என்றாள் சுஜீவா, காரை எடுத்தபடி. "கடிதம் ஆர் எழுதுறது?"

"நான் எழுதுறன். நீ இங்கிலீசை மட்டும் பார்."

"சரி. ஆனா முதல் வரியிலயே கத்தக் கூடாது."

"முதல் வரியில கத்தாட்டி," என்றாள் இரஞ்சிதம், "இரண்டாவது வரியை ஆர் வாசிக்கிறது?"