ஏழாம் குடுவையில் எதுவும் நீந்தவில்லை

எங்கள் ஆய்வகத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வேலை தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவரை ஐஸ் அக்கா என்று கூப்பிடுவோம்.

பெயருக்குக் காரணம் குணமல்ல, தொழில். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்களைக் குடுவையில் வளர்ப்பார். அவற்றின் உடம்பிலிருந்து நீளும் நீச்சல் இழைகளை, மெல்லிய ஊசி வழியே கரைசலை முன்னும் பின்னும் தள்ளி உதிர்ப்பார். பொட்டளவு செம்புச் சல்லடையில் அந்தக் கரைசலை ஒரு துளி விட்டு, ஒரே நொடியில் உறையவைத்து என்னிடம் தருவார். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் ஏற்றிப் படமெடுப்பது என் வேலை. ஒரே புரதம் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு, முறுக்கிய கயிறு போல ஆனதுதான் அந்த இழை. அதன் அடியில் ஒரு மோட்டார் சுழல, உயிர் நீந்தும். அந்தப் புரதத்தில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துப் பேர் வாங்குவது எங்கள் துறைத்தலைவரின் கனவு. பேர் வாங்குவதுதான் கனவு. கண்டுபிடிப்பது வழியில் வரும் தொல்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம். ஊசியை எடுக்கும் முன், ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். நீந்துகின்றனவா, இல்லையா என்று நோட்டில் எழுதுவார்.

"என்னம்மா, நீச்சல் போட்டி நடத்தறீங்களா?" என்பார் தலைவர். ஆராய்ச்சி மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் கட்டுரைகளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே. நானும் சிரித்திருக்கிறேன்.

ஏழாம் குடுவையில் வளர்த்தபோது, குடுவைகளைக் குலுக்கும் இயந்திரம் பழுதாகி, குடுவை இரண்டு நாள் அசையாமல் கிடந்தது. அக்கா ஸ்லைடைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, வந்து பாரு. ஒண்ணாவது நீந்துதா?"

பார்த்தேன். எல்லாம் கண்ணாடியில் அப்பிக்கொண்டு கிடந்தன.

"இப்ப இதுங்க உடம்புல இருக்கறது ஒட்டிக்கறதுக்கான இழை. பாக்க அச்சு அசல் நீச்சல் இழை மாதிரியே இருக்கும். ஆனா வேற புரதம். இதை எடுத்தா எல்லாம் வீண்."

தலைவருக்கோ மாநாடு நெருங்கிவிட்டது. எடுத்தே ஆகவேண்டும் என்றார். அக்கா நோட்டில் 'நீந்தவில்லை' என்று எழுதிவிட்டு எடுத்துக் கொடுத்தார். கிடைத்த படத்துக்குள் நீச்சல் புரதத்தின் வடிவத்தைத் தலைவர் திணித்தார், சின்னச் செருப்பில் காலைத் திணிப்பது போல. வெளியே துருத்திய புடைப்புகளுக்கெல்லாம் 'நீர்' என்று பெயர் சூட்டினார். அத்தனை பெரிய நீர் மூலக்கூறுகள் உலகில் வேறெங்கும் இல்லை. மாநாட்டில் கைதட்டல் கூரையைப் பிய்த்ததாம்.

பிறகு கட்டுரையைப் பரிசீலித்த யாரோ ஒரு புண்ணியவான், அந்தக் குடுவையின் குறிப்பைக் காட்டச் சொன்னார். தலைவர் நோட்டோடு அக்காவின் மேசைக்கு வந்தார்.

"ஒரு சின்னத் திருத்தம்மா. 'நீந்தின'ன்னு மாத்திடுங்க."

"நான் பாக்காததை எப்படி சார் எழுதறது?"

"உங்க வேலை ஊசியைத் தள்றது. யோசிக்கறதுக்கு நாங்க இருக்கோம்."

"யோசிக்கலை சார். பாத்ததைத்தான் எழுதினேன்."

அக்காவின் ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கத் தலைவர் கையெழுத்து வேண்டும். கணவரின் தொழிற்சாலை மூடிக்கிடந்தது, மகள் கல்லூரியில். "கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கு வால் எதுவா இருந்தா உனக்கென்னடி?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாராம். அக்கா அதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் திருத்தவில்லை.

குறிப்பும் கட்டுரையும் ஒத்துப்போகாததால், மேலிடத்திலிருந்து விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். அக்காவுக்குப் பார்வை சரியில்லை, தவறாகப் பார்த்திருப்பார் என்று தலைவர் உருக்கமாகச் சொன்னார். நடிப்பில் குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒரு அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஸ்லைடை நீங்களும் பாத்ததா சொல்றாங்களே?"

என் ஒப்பந்தமும் அதே மாதம்தான் முடிகிறது.

"ஞாபகம் இல்லைங்க," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் தன் டீ டம்ளரையும் கம்பளிக் கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். கட்டுரை வெளிவந்தது. எனக்கு மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு ஆய்வகம், இன்னும் துல்லியமான படத்தோடு, அது ஒட்டும் இழைதான் என்று நிரூபித்தது. தலைவர் மேடையேறி, "இந்தச் சந்தேகம் எங்களுக்கு அப்பவே இருந்தது," என்றார். அதற்கும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். குடிநீர் சோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். நடந்ததைச் சொன்னேன். பிறகு, அன்று சொல்லாததையும் சொன்னேன்.

"அக்கா, அந்த ஸ்லைடை நானும் பாத்தேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஒண்ணுகூட நீந்தலை."

"அது எனக்குத் தெரியும் தம்பி," என்றார். "எனக்கு எதுக்கு சொல்றே?"