கிழக்குக்கு ஒரே ஓர் இடம்

"நீங்க ரெண்டு பேரும் மோத வேண்டாம். தங்கம் ரஞ்சனாவுக்கு" என்று பயிற்சியாளர் ஃபிராங்க்ளின் சொன்னபோது, அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே தேவிப்ரியா நினைத்தாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் ஓர் உள்ளரங்கம். கிழக்கு மண்டல ஜியு-ஜிட்சு தேர்வுப் போட்டி. அடி உதை இல்லாத ஆட்டம் இது. எதிராளியைத் தரையில் கிடத்தி, கையை மடக்கியோ கழுத்தை இறுக்கியோ, 'போதும்' என்று தட்ட வைக்க வேண்டும். காலையிலிருந்து இரண்டு பேரைத் தட்ட வைத்திருந்தாள் தேவிப்ரியா. மிச்சம் இறுதிப் போட்டி. ஜெயித்தால் ஆசியப் போட்டிக்கான தேசிய அணியில் இடம்.

அந்த இடத்துக்கே ஒரு கதை உண்டு. டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் மாதம் ஒரு போட்டி நடக்கும். கொல்கத்தாவில் வருடத்துக்கு ஒன்று நடந்தால் பெரிது. அங்கே இருப்பவர்கள் ஆடி ஆடித் தேறுகிறார்கள். இங்கே இருப்பவர்கள் வீடியோ பார்த்துத் தேற வேண்டியதுதான். பட்டியல் வெளியாகும்போது, 'கிழக்கில் திறமை இல்லையே' என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவனுக்குச் சோறு போடாமல் வைத்திருந்துவிட்டு, ஏன் இப்படி இளைத்துவிட்டான் என்று கேட்கிற யோக்கியதை! ஆறு வருடம் கத்திக் கதறிய பிறகு இந்த ஆண்டுதான், கிழக்கு மாநிலங்களில் குடியிருப்பவர்களுக்கென்று எடைப் பிரிவுக்கு ஓர் இடத்தைச் சம்மேளனம் ஒதுக்கியிருந்தது.

தேவிப்ரியா கரக்பூரில் பிறந்தவள். அப்பா மாரியப்பன் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனைக்கு ஃபிட்டராக வந்தவர். மகளுக்குத் தமிழைவிட வங்காளம்தான் சரளம். கொல்கத்தாவில், செக்டர் ஃபைவில் மென்பொருள் சோதிக்கும் வேலை. நாலு வருடமாக, வேலை முடிந்ததும் மெட்ரோ மாறி மாறிக் காளிகாட் போய், ஃபிராங்க்ளினின் மாடி ஹாலில் வியர்த்துக்கொண்டிருக்கிறாள். முதல்முறை பார்க்க வந்த மாரியப்பன், "சண்டைன்னு சொன்ன, ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுத் தூங்குறீங்களேம்மா" என்றார். அடுத்த முறை அரங்கில் அவரைப்போலக் கத்தியவர்கள் யாருமில்லை.

அந்த ஹால் பெங்களூரில் உள்ள ஒரு பெரிய பயிற்சிப் பள்ளியின் கிளை. ரஞ்சனா பெங்களூரிலேயே பயில்பவள். முந்தின நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தாள்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவர் இறுதிக்கு வந்தால் மோதமாட்டார்கள். தங்கம் யாருக்கு என்று பயிற்சியாளர் சொல்வார், மற்றவர் விட்டுக்கொடுப்பார். சகோதர பாசம் என்று இதைக் கொண்டாடுவார்கள். அந்தப் பாசம் ஏன் எப்போதும் மேலே இருப்பவர்களுக்கு வசதியான பக்கமாகவே சாய்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

"அண்ணா, அவ பெங்களூர்ப் பொண்ணு. இது நம்ம சீட்டு."

"இப்ப நம்ம பிராஞ்ச்ல பதிஞ்சிருக்கா. அங்க அவளுக்கு முன்னாடி ஏழு பேர் நிக்கிறாங்க ப்ரியா. மேலருந்து சொல்லிட்டாங்க, நான் என்ன பண்ண?"

"அங்க கியூ நீளம்னா, இங்க வந்து முன்னாடி நின்னுக்கலாமா?"

"யாரு போனா என்ன? மெடல் நம்ம டீமுக்குத்தான?"

இந்த மனிதரை நம்பித்தான் நாலு வருடம் கழுத்தை நீட்டியிருக்கிறாள். தட்டிய கணமே விட்டுவிடுவார் என்ற நம்பிக்கை. இப்போது எங்கே தட்டுவது?

பெயர்கள் அழைக்கப்பட்டன. நடுவர் வழக்கம் தெரிந்தவர். ரஞ்சனாவின் கையைத் தூக்கப் போனார். "நான் ஆடுவேன்" என்றாள் தேவிப்ரியா வங்காளத்தில். விட்டுக்கொடுப்பது வழக்கம்தானே தவிர, விதி அல்ல. நடுவர் கையை இறக்கினார்.

எதிரே நின்ற ரஞ்சனாவின் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, சீட்டு சும்மா கெடக்குன்னுதான் சொன்னாங்க. இங்க ஆள் இருக்கீங்கன்னு சொல்லவே இல்ல."

"இப்பப் பாத்துட்டல்ல? வா."

ஆறு நிமிடம். ஐந்தாவது நிமிடம்வரை சமம். கடைசியில் ரஞ்சனா அவளைப் புரட்டி மேலே வந்தாள், இரண்டு புள்ளி. முப்பது போட்டி ஆடியவளுக்கு அந்தக் கணம் எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. நாலே போட்டி ஆடியவளுக்குத் தெரியவில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தானே இடத்தை ஒதுக்கினார்கள்!

முடிவுத்தாளில் கையெழுத்துப் போட மேசைக்குப் போனாள். பக்கத்தில் ரஞ்சனாவின் பதிவுப் படிவம் விரிந்து கிடந்தது. குடியிருக்கும் முகவரி: காளிகாட்டில் ஃபிராங்க்ளினின் ஹால். இரண்டாம் முறை படித்தாள். அதே எழுத்துகள். ஒரு குழாய், ஒரு கக்கூஸ், சுவர் முதல் சுவர்வரை மெத்தை விரிப்பு. அதில் ஒரு மனுஷி குடியிருக்கிறாளாம்!

தோல்விக்குக் கையெழுத்திட்டாள். அப்புறம் வெள்ளைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினாள்.

"தோத்துட்டுப் புகாரா? அசிங்கமா இல்ல?" ஃபிராங்க்ளின் பல்லைக் கடித்தார்.

"ஆட்டத்துல அவ ஜெயிச்சா. அதைப் பத்தி ஒரு வரிகூட எழுதலண்ணா. அட்ரஸைப் பத்தித்தான் எழுதுறேன்."

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் அதிகாரி தாளைப் படித்துவிட்டு, ஜெயித்திருந்தாலும் இதை எழுதியிருப்பாயா என்று வங்காளத்தில் கேட்டார். தேவிப்ரியா யோசித்தாள். எழுதியிருக்க வேண்டும், ஆனால் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை என்றாள். அதிகாரி முடிவுத்தாளில், விசாரணை முடியும்வரை அணித் தேர்வு நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதி முத்திரை குத்தினார்.

"நாளைலருந்து ஹாலுக்கு வராத" என்றார் ஃபிராங்க்ளின்.

நகரத்தில் அவளுக்குத் தெரிந்த ஹால் அது ஒன்றுதான்.

"வரலண்ணா. அங்க குடியிருக்கிறவங்களை நல்லாப் பாத்துக்கங்க" என்றாள்.