இரவல் விரல்

நுரையீரல் வார்டில் அந்த நர்ஸுக்கு மூச்சுக்காரி என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்துவரும் ஒரே திருட்டுத்தனம்: நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவது. மூச்சை எண்ணுகிறேன் என்று சொல்லித் தொலைத்தால், மனுஷன் உடனே நல்ல பிள்ளையாக மூச்சுவிட ஆரம்பித்துவிடுவான். வீட்டிலும் பழக்கம் போகவில்லை. கையைப் பிடித்தாலே, "ஆசையா, வேலையா?" என்று கேட்பார் கணவர்.

ஏழாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பதினோரு நாளாக வீட்டுக்குப் போகத் தவியாய்த் தவித்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல், தொடர்ந்து மூன்று நாள் காலையில் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்று நான்குக்குக் குறையாவிட்டால் அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் தேறிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, அவர் தலைக்குப் பின்னாலிருந்த மெஷின் எண்பத்தாறு காட்டியது. அவருக்குப் போர்வை கழுத்துவரை. ஸ்டூலில் அவர் மனைவி, ஒன்றும் தெரியாத அப்பாவியாக.

மூச்சுக்காரி போர்வைக்குள் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சு பதினாறு, சீராக. நாடி எழுபத்தெட்டு. மெஷினோ நாடி நூற்றுப்பன்னிரண்டு என்றது. ஒரே ஆளுக்கு இரண்டு இதயமா? போர்வையைத் தூக்கினாள். அவர் விரலில் இருக்கவேண்டிய மெஷின் கிளிப் மனைவியின் விரலில் இருந்தது.

"என்ன சார் இது?"

"இவ மூச்சு கெட்டி சிஸ்டர். திட்ட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தவே மாட்டா. அதான், சின்னதா ஒரு இரவல்..."

கிளிப்பை அவர் விரலுக்கே மாற்றினாள். தொண்ணூற்றாறு.

"பாத்தியா, நானே பாஸு!" என்று மனைவியிடம் துள்ளினார்.

மூச்சுக்காரி சிரிக்கவில்லை. அவள் கண் அந்த அம்மாளின் மார்பில் நின்றுவிட்டது. நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"மாடி ஏறி வந்தேன்ல."

"நீங்க வந்து ஒரு மணி நேரமாச்சு."

அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு வாரமா. இவரு வீட்டுக்கு வந்துடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு..."

கண்டக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்தது, அவர்தான் போகவில்லை. ஏழாம் கட்டிலில் குழாயோடு மனைவி, ஸ்டூலில் அவர்.

மறுநாள் காலை மெஷின் தொண்ணூற்று மூன்று காட்டியது. பட்ட அனுபவம் சும்மா விடுமா? மூச்சுக்காரி முதல் வேலையாகப் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். கிளிப் மனைவியின் விரலில்தான் இருந்தது. அந்தக் கையைக் கண்டக்டர் தன் இரு கைகளாலும் பொத்தி வைத்திருந்தார்.

"இரவல் இல்ல சிஸ்டர்," என்றார். "சும்மா புடிச்சிட்டிருக்கேன்."