ஏரிக்கு முதுகு காட்டும் தகடு

பக்கத்து வீட்டு லவோன் டோலெஃப்சன் அம்மா ஒரு கையில் காப்பிக் கோப்பையை விடாமல், மறு கையால் சோலார் தகட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துணி, பழைய ஃபிளானல் சட்டை ஒன்றின் கை. சிலந்தி வலை, பூச்சி இறக்கை, கடற்காகத்தின் எச்சம் எல்லாம் அதில் ஏறுகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகோடியில் இருக்கும் எங்கள் ஏரியில், விடிந்த பிறகும் மூடுபனி எழுந்து போக மனசில்லாமல் படுத்திருக்கும். அதற்குள்ளிருந்து லவோனின் குரல் மட்டும் என் படகுத்துறைக்கு வரும்.

“இவ்ளோ பெரிய ஏரி இருக்கு. எச்சம் போட ஒனக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?”

அந்தத் தகடு நிற்பது படகு லிஃப்டின் கம்பத்தில். தண்ணீருக்குள் நான்கு இரும்புக் கால்களை ஊன்றிய தொட்டில் அது. பொத்தானை அமுக்கினால் படகை அலைக்கு எட்டாத உயரத்தில் தூக்கி வைத்துக்கொள்ளும். தூக்கும் மோட்டாருக்குச் சோறு போடுவது பேட்டரி, பேட்டரிக்குச் சோறு போடுவது வெயில்.

எங்கள் ஊரில் எல்லாமே ஏரியைப் பார்த்துத்தான் இருக்கும். வீட்டு முகப்பு, நாற்காலி, நாய்கள்கூட. எங்கள் கரையிலிருந்து ஏரியைப் பார்ப்பதென்றால் வடக்கே பார்ப்பது. பழக்க தோஷத்தில் தகட்டையும் அந்தப் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, பேட்டரி பட்டினி கிடக்கிறதென்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். லவோனும் திட்டினார். பிறகு ஒரு வசந்தத்தில், தன் வீட்டுக் கூரையில் தெருப்பக்கத்துப் பனி கரைந்து, ஏரிப்பக்கத்துப் பனி மட்டும் அசையாமல் கிடப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏரிப் பனிக்கட்டி உருகி, லிஃப்டை மறுபடி தண்ணீரில் இறக்கிய அன்றே தகட்டை வீட்டுப் பக்கம், வெயில் சாய்ந்து வரும் தெற்கே திருப்பிவிட்டார். தகட்டுக்கும் ஏரிக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டேன்.

“அதுக்கு வேடிக்கை எதுக்கு? சாப்பாடு கெடச்சா போதும்” என்றார். அந்த வாரமே என் தகட்டையும் சத்தமில்லாமல் திருப்பி வைத்தேன்.

பேட்டரி வாங்கப் போனபோது கடையையே ஒரு வழி பண்ணியிருக்கிறார். கார் பேட்டரி வேண்டாம், அது ஒரே மூச்சில் ஓடிவிட்டு உட்கார்ந்துவிடும், லிஃப்டுக்கு வேண்டியது நின்று நிதானமாக உழைக்கிற ரகம் என்பது அவருக்கே தெரியும். நகரத்திலிருக்கும் மகன் கர்ட், தூக்க லேசாக இருக்குமென்று லித்தியம் வாங்கச் சொன்னான். கடைக்காரர் மூடி திறக்கவே தேவையில்லாத ஒன்றைக் காட்டினார். லவோன் பிடித்தது மூன்றாவது ரகத்தை, தண்ணீர் ஊற்றுகிற பழைய ரகத்தை.

“எனக்கு வாயத் தொறந்து காட்டுற பேட்டரிதான் வேணும். மூடியே வச்சிருந்தா, அதுக்கு என்ன கொறன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்ததும், அதே பூப்போட்ட உடையில் மண்டியிட முடியாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, பேட்டரியின் ஒவ்வொரு அறையிலும் காய்ச்சி வடித்த நீரை அளவு பார்த்து ஊற்றுவார். முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா மாவுக் கரைசலில் கழுவி, வாஸ்லின் களிம்பு தடவுவார். அதற்கென்று தனி டப்பா கிடையாது. கையைத் துடைத்துவிட்டு அதிலிருந்தே கொஞ்சம் எடுத்துத் தன் உதட்டுக்கும் பூசிக்கொள்வார். பாதிக்குக் கீழே சார்ஜ் இறங்க ஒருநாளும் விடமாட்டார்.

இத்தனை கவனிப்புக்கும் ஒரு பந்தயம்தான் காரணம். லவோனுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, படகை விற்றுவிடலாம் என்று கர்ட் சொன்னான். மோட்டார் நின்றுபோனால் கையால் சுற்ற ஒரு பெரிய இரும்புச் சக்கரம் உண்டு. கராஜ் சுவரில் தொங்குகிறது. லவோனின் தோள் அதற்கு ஒத்துவராது. இந்தக் கோடையில் ஒரே ஒரு தடவை அதை லிஃப்டில் மாட்டிச் சுற்ற நேர்ந்தாலும் படகு விற்பனைக்கு என்று ஒப்பந்தம். லவோன் மறுபேச்சில்லாமல் கை கொடுத்தார். சாயங்காலங்களில் ஏரியின் நடுவே போய் எஞ்சினை அணைத்துவிட்டு, லூன் பறவைகள் கூப்பிடுவதைக் கேட்டபடி மிதப்பதுதான் அவருடைய நாள். ஒருமுறை என்னையும் அழைத்துப்போனார். வானமும் தண்ணீரும் ஒரே நிறமாகிவிட்ட நேரம். நாங்கள் எதில் மிதக்கிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை.

“தண்ணி மேல மட்டுந்தான் நான் நொண்டுறதில்ல” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் கடைசியில் கனடாக் காட்டுத் தீயின் புகை வந்து இறங்கியது. சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி தொங்கியது, தகட்டுக்கு ஒரு வாய் வெயில் கிடைக்கவில்லை. லவோன் படகை இறக்குவதை நிறுத்தினார். ஆனால் சாயங்காலமானால் தொப்பி போட்டுக்கொண்டு, லிஃப்டில் தூக்கி நிறுத்திய படகிலேயே ஏறி ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொள்வார். புகைக்குள் ஒரு படகு, தண்ணீரைத் தொடாமல், எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். எங்கே வரைக்கும் போய்ட்டீங்க என்று கத்திக் கேட்டேன். இன்னும் கொஞ்ச தூரந்தான் என்றார்.

புகை விலகியது. செப்டம்பர் முதல் வாரம், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறைக்குக் கர்ட் குடும்பத்தோடு வந்தான். காலையில் லவோன் படகை இறக்கி எல்லோரையும் நாள் முழுக்கச் சுற்றவைத்தார். பிற்பகலில் மேற்கே வானம் கறுத்தது. படகு லிஃப்டுக்குள் வந்து சேர்ந்தபோது காற்றும் வந்துவிட்டது. நான் அவசரமாக என் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் பொத்தானை அமுக்கினார். மோட்டார் முனகியது. படகு ஒரு சாண் எழுந்து நின்றுவிட்டது. அலை அதன் அடியை ஓங்கி அறைந்தது. கர்ட் சக்கரத்தை எடுக்கக் கராஜுக்கு ஓடினான்.

லவோன் மறுபடி அமுக்கவில்லை. கையை எடுத்துவிட்டு, பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். அங்கே ஒரு ஒயர் செருகியிருந்தது. கண்ணால் அதன் வழியே போனார். ஒயரின் மறுமுனையில், படகுத்துறையின் கோடியில், கர்ட் கொண்டுவந்த மின்சாரக் குளிர்பெட்டி, பீர் நிரம்பி, காலையிலிருந்து உறுமிக் குளிர்ந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினார். கொஞ்சம் காத்திருந்தார், மூச்சு வாங்குகிறவருக்கு நேரம் கொடுப்பதுபோல. அமுக்கினார், ஒரு சாண். விட்டார். காத்திருந்தார். மழை அவர் தொப்பியிலிருந்து வழிந்தது. எனக்குப் போய்ப் பிடிக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் உதவி செய்தால் பந்தயத்தில் அவரை நானே தோற்கடித்ததாகிவிடும். இன்னொரு சாண். இன்னொன்று. கடைசி அலை படகைத் தொட முடியாமல் அடியில் உருண்டு போனது.

கர்ட் இரும்புச் சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான். லவோன் அந்தக் குளிர்பெட்டியைத் திறந்து, சில்லென்றிருந்த ஒரு பீரை எடுத்து, சக்கரத்தைப் பிடித்திருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, கையில் வைத்தார்.