ஸ்கேன் பெட்டியோடு சிவகாசிக்கு

2008-இல், தீபாவளி முடிந்த மறுவாரம் மதுரையிலிருந்து சிவகாசிக்குப் போனேன். நான் மயக்க மருந்து மருத்துவன். மனைவி வேலைக்காக வெளிநாடு போனபிறகு வீட்டில் பேச ஆளில்லை. சிவகாசியில் அறுவை மருத்துவராக இருக்கும் நண்பர் ஒரு நோயாளிக்காக அழைத்ததும் கிளம்பிவிட்டேன்.

விருதுநகரில் பஸ் மாறி, மொத்தம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு மணி நேரம். மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து கண்டக்டர், “வெடியா சார்? பஸ்ல ஏத்தக் கூடாது” என்றார். ஸ்கேன் மிஷின் என்றேன். அதன்பின் ஊர் வரும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

நோயாளி முத்துமாரி, ஆமத்தூர்க்காரர். காலண்டரின் மேல்விளிம்பில் தகடு அடிக்கும்போது வலது உள்ளங்கை கிழிந்து, விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருந்தது. கடுமையான வீசிங் வேறு. முழு மயக்கம் ஆபத்து. கையை மட்டும் மரக்கவைக்க வேண்டும்.

“கூட யாரும் வரலையாம்மா?”

“காலண்டர் சீசன்ல யாருக்கும் லீவு கிடைக்காது டாக்டர். நீங்க இருக்கீகல்ல.”

கழுத்தெலும்புக்கு மேலே ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். பெரிய தமனி துடித்தது. பக்கத்தில் நரம்புகள் கொத்தாகத் தெரிந்தன. வழக்கமாகக் குத்தும் இடம்தான். ஊசியை எடுக்குமுன், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டேன். நரம்புகளின் நடுவே சிவப்பாக ஒரு கோடு மின்னியது. இன்னொரு ரத்தக்குழாய்! மருந்து அதற்குள் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும், இதயமே நின்றிருக்கலாம். அந்த இடத்தை விட்டுவிட்டு, அக்குளில் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கி மருந்து செலுத்தினேன்.

தையல் நல்லபடியாக முடிந்தது. வார்டில் முத்துமாரி திடீரென்று பதறினார். “என் கை எங்கன டாக்டர்? காணோமே!”

கட்டிலில்தான் கிடந்தது, அவருக்கு உணர்வில்லை. அவருடைய இடக்கையை எடுத்து அதன்மேல் வைத்தேன். “யாரு கையோ மாதிரி இருக்கு” என்று அழுதார். அவரை விட்டுப் போக மனம் வரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அச்சாபீஸ் கதைகள் சொன்னார். நானும் ஏதேதோ சொன்னேன்; அத்தனை நேரம் நான் பேசிப் பல வாரமாகியிருந்தது.

இருட்டத் தொடங்கியபோது முகம் சுளித்தார். “நோகுது டாக்டர்.”

கை திரும்பி வந்துவிட்டது! இருவருமே சிரித்துவிட்டோம்.

இதே வேலையாகப் போகும் மருத்துவர்களுக்கு: விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு அடிக்கடி பஸ் உண்டு. எவ்வளவு பழகிய இடமானாலும் குத்துமுன் கலர் போட்டுப் பாருங்கள். திரும்பும் பஸ்ஸை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். கை மரத்துக் கிடக்கிறவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.