வலப்பக்கம் சாய்ந்த கயிறு

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. மீன்காரர் ஒரு மத்தி கூடுதலாகப் போட்டால் நேற்றைய மீனோ என்று செவுளைத் திறந்து பார்ப்பேன். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்தால் என்ன காரியத்துக்கு என்று யோசித்துவிட்டுத்தான் குடிப்பேன். இப்படிப்பட்டவள் கட்டின புருஷனின் பையில் ஒரு கம்பளி மஃப்ளரைக் கண்டால் என்ன ஆகும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கலாம் என்று அவருடைய தோள்பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, குடை, பழைய செய்தித்தாள், அதற்கடியில் நாலாக மடித்த சாம்பல் நிற மஃப்ளர். கொச்சி மட்டாஞ்சேரியில் மஃப்ளர்! மாலை போட்டு மலைக்குப் போகிறவர்களுக்கும் இருமல்காரர்களுக்கும் தவிர இங்கே யாருக்கு அது வேண்டும்? ஃபேன் நின்றால் ஐந்து நிமிஷம் உட்கார முடியாத ஊர் இது.

ஊரின் வெக்கையைப் பற்றி நான் பேசக்கூடாதுதான். வீட்டில் கம்பளி பின்னுகிறவளே நான்தான். கனடாவில் இருக்கும் மகளுக்கு ஸ்வெட்டர், தெருவில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்பி, மிச்ச நூலில் தண்ணீர்க் குப்பிக்கு உறை, எதுவும் தோன்றாவிட்டால் டிவி ரிமோட்டுக்கு ஒரு சட்டை. சாம்பாருக்குப் பருப்பு வேகும் நேரத்தில் நாலு வரி ஓட்டிவிடுவேன். சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்தால் பத்து, பதினைந்து வரி. எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து ஏதாவது பேச வாயெடுப்பார். எண்ணிக்கை தப்பிவிடும் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவேன். அவரும் அடங்கிவிடுவார். இருபது வருஷமாக எங்கள் சாயங்காலம் இப்படித்தான்.

ஆகவே மஃப்ளரை விரித்ததும் முதலில் கண்ணில் பட்டது நிறம் அல்ல, பின்னல். நடுவில் கயிறு முறுக்கியதுபோல ஒரு டிசைன், இரண்டு ஓரத்திலும் நாலு நாலு கண்ணி முத்து முத்தாக. அது என் டிசைன். புத்தகத்தில் கிடையாது, நானாகச் சேர்த்தது. ஆனால் நான் பின்னினால் அந்தக் கயிறு எப்போதும் இடப்பக்கம் சாயும். இது வலப்பக்கம் சாய்ந்திருந்தது. என்னிடம் கற்றுக்கொண்ட ஓர் இடக்கைக்காரர் பின்னியது.

அப்படி ஒருத்திதான் உண்டு. எதிர்வீட்டுப் பெண்.

அவளும் எங்களைப்போல் தமிழ்க் குடும்பம்தான். அவள் அப்பா முனிசிபாலிட்டி வேலையில் இருந்தவர். இவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மலையாளம்தான். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சிரித்த முகம். என்னைச் சேச்சி என்றும் என் வீட்டுக்காரரைச் சேட்டன் என்றும் கூப்பிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன் பின்னல் கற்றுத்தரச் சொல்லி வந்தாள். இடக்கை என்று தெரிந்ததும் பக்கத்தில் உட்காரவைக்காமல் எதிரில் உட்காரவைத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் கையைப் பார்த்து அப்படியே செய் என்றேன். அருமையாகப் பிடித்துக்கொண்டாள், கயிறு மட்டும் வலப்பக்கம் சாய்ந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதமாக அவளுக்கு ஆலுவாவில் வேலை. என் வீட்டுக்காரருக்கு ஏலூரில் கம்பெனி. அவருக்குக் கம்பெனி பஸ், அவளுக்கு லைன் பஸ், ஆனால் காலையில் இரண்டு பேரும் தெருமுனையில் ஒரே ஸ்டாப்பில்தான் நிற்பார்கள். இரண்டும் இரண்டும் நாலு.

மஃப்ளரை இருந்தபடியே மடித்து வைத்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. மறுநாள் சாயங்காலம் பையில் மஃப்ளர் இல்லை. அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் சாட்சியாகிவிட்டது. கம்பெனி பஸ்ஸின் ஹாரன் வீட்டுக்குக் கேட்கும். முன்பெல்லாம் ஹாரன் கேட்டு ஐந்து நிமிஷத்தில் கேட்டைத் திறப்பார். இப்போது அரைமணி நேரம் ஆகிறது. பையை என் கையில் கொடுக்காமல் தானே அலமாரிமேல் வைக்கிறார். மடியில் கனம் இல்லாவிட்டால் வழியில் ஏன் பயம்? போதாததற்கு, எதையாவது நினைத்து உதட்டுக்குள் முணுமுணுக்கிறார். ஒருநாள் சாதம் பிசையும்போது என் கையையே உற்றுப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் இப்படி. தூக்கம் போனது. மகளுக்கான ஸ்வெட்டரில் ஒரு கையை மற்றதைவிட இரண்டு அங்குலம் நீளமாகப் பின்னிவிட்டேன். முப்பது வருஷக் குடித்தனம், ஒரு நாலடி மஃப்ளரில் போய்விடுமோ என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

அந்த நாட்களில்தான் எதிர்வீட்டுப் பெண் படியேறி வந்தாள். அக்காவுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தாள், உச்சியில் கண்ணி குறைப்பது எப்படி என்று கேட்க வந்திருந்தாள்.

"மஃப்ளர் பின்னத் தெரிஞ்சவளுக்குத் தொப்பி தெரியாதா?" என்றேன்.

"மஃப்ளரோ? எனக்கு ஒரு தொப்பியே தீரலை சேச்சி."

"எல்லாம் எனக்குத் தெரியும். காலையில ஸ்டாப்பில நீ யாரோட நிக்கறேன்னும் தெரியும். நான் குடுத்த ஊசி ரெண்டையும் கொண்டு வந்து குடு. எனக்கு வேணும்."

அவள் முகம் வெளுத்தது. எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். உடனே திரும்பி வந்து ஊசிகளை நீட்டினாள். ஊசியை உருவினால் பின்னியதெல்லாம் அவிழும். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வாங்கினேன். சொன்னால் வெட்கம், அன்று எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு முன்பே தெருமுனைக்குப் போய்ப் பலசரக்குக் கடைக்குள் ஒதுங்கி நின்றேன். கம்பெனி பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப். பஸ் வந்தது. நாலைந்து பேர் இறங்கினார்கள், அவரைக் காணோம். டிரைவர் இறங்கி இருமிக்கொண்டே சாயாக்கடைக்குப் போனார். அவர் கழுத்தில் சாம்பல் நிற மஃப்ளர். அதே கயிறு!

டிரைவர் கழுத்துக்கு இது எப்படிப் போனது? அப்படியென்றால் பஸ்ஸுக்குள் யார்? ஆளில்லாத பஸ்ஸில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே முடிவுகட்டினேன். செருப்புச் சத்தம் கேட்காமல் படியேறினேன்.

ஒரே ஒருவர்தான் இருந்தார். என் வீட்டுக்காரர். பின் சீட்டில், குனிந்த தலை, கையில் இரண்டு ஊசி, மடியில் நீல நூல். நான் வந்ததை டிரைவர் வந்ததாக நினைத்தாரோ என்னவோ, நிமிராமலே ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் இரு. வரி முடியட்டும். பதினேழு... பதினெட்டு..."

நான் நின்றேன். முடித்துவிட்டு நிமிர்ந்தவர் என்னைக் கண்டதும் ஊசியைச் சீட்டுக்கடியில் தள்ளப் பார்த்தார். திருட்டு மாங்காயோடு அகப்பட்ட பள்ளிக்கூடப் பையன் தோற்றான்.

சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார். ஏலூர் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வழியெல்லாம் கொட்டாவி விட்டு அலுத்துப்போய் ஆரம்பித்தாராம். ஊர் வந்தபிறகும் டிரைவர் சாயா குடித்து வரும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்து பின்னுவாராம். நூலும் ஊசியும் டிரைவர் சீட்டுக்கடியில் பெட்டியில் இருக்குமாம். பையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தால் நான் பார்த்துவிடுவேன் என்றுதான் அதை அலமாரிமேல் வைத்தாராம். முதல் மஃப்ளரை ஒருநாள் வீட்டுக்கு எடுத்து வந்தது, என்னுடையதோடு வைத்துப் பார்க்கத்தான். தைரியம் வரவில்லை, டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"நீதான். எதிர்ல உக்காந்து இருபது வருஷமா பார்க்கறேனே. பேச விட மாட்டே, வேற என்ன செய்ய?"

எதிரில் உட்கார்ந்து பார்த்தவர். கண்ணாடியில் பார்ப்பதுபோல். இடக்கைக்காரிக்கு நானே சொல்லிக்கொடுத்த வழி, வலக்கைக்காரருக்கும் பலிக்கும் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை.

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"ஒரு தடவை ஊசியைத் தொட்டப்போ, உங்க கை உருளைக்கிழங்கு உரிக்கத்தான் லாயக்குன்னு சிரிச்சியே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்த நிம்மதியில் ஆறு வாரச் சந்தேகத்தையும் உளறிவிட்டேன். அவர் முதலில் சிரித்தார். யாரைச் சந்தேகப்பட்டேன் என்று சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட ஏதாவது கேட்டியா?"

"கேட்டேன்."

"என்கிட்ட கேக்கலையே?"

கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். அதை விழுங்கிக்கொண்டு, சாயா ஆறுது என்றேன். அவர் சாயாவை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஊசிகளையும் புது நூல் உருண்டையையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுக்கோ என்றேன். முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குச் சுலபமாக இல்லை.

அவள் ஊசிகளை வாங்கிக்கொண்டாள். கோபப்படவில்லை. "அன்னிக்கே மனசிலாச்சு சேச்சி" என்றாள். பிறகு வாசலில் இறங்கி, தெருமுனைக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள்.

"ஸ்டாப் இந்தப் பக்கம் இல்லியா?" என்று கேட்டேன்.

"நான் இப்போ சுள்ளிக்கல் ஸ்டாப்புக்குப் போய்த்தான் பஸ் ஏறறேன். சேட்டன் நிக்கற ஸ்டாப்பில நிக்கறதில்லை."

இருபது நிமிஷத்துக்குமேல் நடக்க வேண்டும். நான் ஊசியைப் பிடுங்கிய நாளிலிருந்து இந்த வெயிலில் தினமும் நடந்திருக்கிறாள். நாளையிலிருந்து இங்கேயே நில்லு என்று பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

"பார்க்கலாம் சேச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.