கை காட்டினால் விமானம் நிற்காது

விசைத்தறி ஓடுகிற வீட்டில் வாயால் பேசுகிறவன் முட்டாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அங்கே எல்லாம் கைதான். உள்ளங்கையை உயர்த்தினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். திருத்தணி மலையடிவாரத்தில் இரண்டு தறி போட்டிருக்கும் கோதண்டம் வீட்டில் சோற்றுக்குக் கூப்பிடுவதுகூடக் கையால்தான். அப்படி வளர்ந்த அவர் மகள் விஜி படித்து, துணை விமானி ஆகிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கையே அவளுக்கு வினையாக வந்தது. விமானம் மாதிரியே செய்து வைத்திருக்கும் பயிற்சிக் கூண்டில் ஒரு தேர்வு. பஞ்சாட்சரம் என்ற பயிற்சி கேப்டன் வேண்டுமென்றே தப்பாக இறக்கினார்; உயரமும் அதிகம், வேகமும் அதிகம். பக்கத்தில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று பார்ப்பதுதான் தேர்வே. விஜி உடனே கண்டுகொண்டாள். கண்டுகொண்டு என்ன செய்தாள்? உள்ளங்கையை உயர்த்தினாள்! கேப்டனின் கண்ணோ ஓடுபாதையில் இருந்தது. பொம்மை விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நொறுங்கியது.

“நீ பார்த்தது எனக்கு எப்படித் தெரியும், விஜி?” என்றார் பஞ்சாட்சரம். இன்னொரு வாய்ப்பு தருவதாகவும், அதிலும் ஊமையாக இருந்தால் இந்த வேலையை மறந்துவிடலாம் என்றும் சொன்னார்.

விடுப்பில் வந்தவள் தறிக்கொட்டகையில் நின்று பழகினாள். இழை அறுந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். கோதண்டத்துக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“எனக்குக் கண்ணு நல்லாத்தானே கீது? எதுக்குக் கத்திகினு இருக்குற?”

“நீ பாக்கலன்னா இன்னா பண்றது, நைனா?”

பெண்ணுக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா மனோரமா மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் செய்த வேலையோ, கத்தல் செய்த வேலையோ, மறுதேர்வில் விஜி தேறிவிட்டாள்.

ஆனால் பயிற்சி கேப்டனிடம் சொல்வது வேறு, தலை நரைத்த பெரியவரிடம் நிஜமாகவே ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று சொல்வது வேறு. கை காட்டினால் மரியாதை கெடாது. வாயால் சொல்ல நாக்கு எழ வேண்டுமே!

ஐப்பசி மழையில் ஒரு மாலை மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தார்கள். ஓட்டியவர் கேப்டன் சிவப்பிரகாசம், முன்கோபி என்று பெயர் எடுத்தவர். மேகங்களைச் சுற்றி வந்ததில் இறங்கத் தாமதமாகிவிட, அதைச் சரிக்கட்ட அவர் அவசரமாக இறக்கினார். வேகம் குறையவே இல்லை. வேகம் அதிகம் என்றாள் விஜி. “ம்” என்றார். மறுபடியும் சொன்னாள். அந்த ‘ம்’கூட வரவில்லை.

ஓடுபாதை விளக்குகள் நெருங்கின. பின்னால் விமானம் நிறைய ஜனம். விஜியின் வலது கை தானாக எழுந்தது. அவர் மழை வழியும் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தார். கை என்ன, தேரே குறுக்கே வந்தாலும் அந்தக் கண்ணில் பட்டிருக்காது. கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

“கோ அரவுண்ட்!”

இறங்காதே, மறுபடியும் மேலே ஏற்று என்பதற்கு விமானிகளின் சொல் அது. தறிக்கொட்டகைக் குரலில் வந்தது. சிவப்பிரகாசம் ஏன் என்று கேட்கவில்லை. விமானத்தை மேலே ஏற்றினார். ஒரு வட்டம் அடித்து வந்து, இந்தத் தடவை நிதானமாக, அலுங்காமல் இறக்கினார்.

விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, நிற்கும் இடத்துக்கு வந்து நின்றது. இனி வாங்கப் போகும் திட்டை நினைத்து விஜி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஓடுபாதையை விட்டு என் கண்ணு நகரவே இல்லம்மா. நீ சொல்லலைன்னா அப்படியே இறக்கியிருப்பேன்.”

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு, பயணிகளை வழியனுப்பக் கதவருகே போய் நின்றாள். துணிமூட்டையோடு வந்த ஒரு பெரியவர் அவளுடைய விமானிச் சட்டையைப் பார்த்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாமா நீங்க, தரைகிட்ட வந்துட்டு திரும்ப மேல ஏத்தினு போயிட்டீங்க? எங்க திருத்தணி ரயிலு போயிடுச்சு. ஊட்டுக்கு எப்பப் போய்ச் சேர்றது?”

அடுத்த ரயில் இருக்கிறது, ஐயா, என்றாள் விஜி. அவர் விடவில்லை, பின்னால் நின்றவர்களையும் சேர்த்துக்கொண்டு திட்டினார். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.